மங்கம்மாவும் சித்தியும்

ஜூன் 5, வியாழன்

கோவில்பட்டியிலிருந்து சித்தி வருகிறாள் என்று மதுரை ரயிலடியில் நின்றேன். வண்டி நாற்பது நிமிடம் தாமதம். எதிரிலேயே நாயக்கர் காலத்து ராணி மங்கம்மாளின் சத்திரம். முப்பது வருஷமாக அதைத் தாண்டிப் போகிறேன், ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை.

ஆட்டோ பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த பக்கம் திரும்பியதும் சித்தி ஆரம்பித்துவிட்டாள். "இங்கதாம்ட்டி அந்த மகராசியப் பட்டினி போட்டுக் கொன்னாக." அம்மாவும் இதையே சொல்வாள். அம்மா இந்த மார்க்கெட்டில் கறிவேப்பிலை, மல்லி விற்றவள். நான் சோற்றை மிச்சம் வைத்தால், "மங்கம்மாவுக்குக் கம்பிக்கு வெளிய சோத்த வச்சாகளாம். வாசம் வருமாம், கை எட்டாதாம்" என்பாள். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்காது. தட்டு காலியாக வேண்டும் என்றுதான் அவள் அதைச் சொன்னாள்.

ஜூன் 6, வெள்ளி

சாயங்காலம் கோயில். வெள்ளிக்கிழமை என்பதால் ஊஞ்சல். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், படம் எடுக்க வழியில்லை. பொற்றாமரைக் குளக்கரை ஊஞ்சல் மண்டபத்து விதானத்தில் மீனாட்சி கல்யாண ஓவியம் இருக்கிறது. அதில் மங்கம்மாளும் பேரனும் நிற்கிறார்கள். கழுத்து வலிக்கப் பார்த்தேன். பேரன் சின்னப் பையன். பாட்டியைப் பட்டினி போட்டவன் அவன்தான் என்று சித்தி அவனை மட்டும் முறைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

படித்ததைக் குறித்து வைக்கிறேன். மங்கம்மாள் தளபதி ஒருவரின் மகள், மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கரின் மனைவி. 1682இல் அவர் இறந்தபோது இவள் உடன்கட்டை ஏறவில்லை, மகன் சின்னவன். அந்த மகன் முத்துவீரப்பனும் 1689இல் அம்மை கண்டு போனான். அப்போது மருமகள் முத்தம்மாள் பிள்ளைத்தாய்ச்சி. ஆண் குழந்தை பிறந்த சில நாளில் அவளும் போய்விட்டாள். கைக்குழந்தைக்குப் பட்டம் கட்டிவிட்டுப் பாட்டி ஆளத் தொடங்கினாள். அரசி என்கிறோம், கணக்குப்படி அவள் பேரனின் காப்பாளர்தான். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அப்படியே ஓட்டினாள். மொகலாயருக்குக் கப்பம் கட்டிச் சமாளித்தாள். திருவிதாங்கூர், தஞ்சாவூர் என்று படை அனுப்பினாள். 1702இல் ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதியிடம் மட்டும் அடி. தளவாய் நரசப்பய்யா அந்தப் போரில் இறந்தார்.

எனக்கென்னவோ வீழ்ச்சி அங்கேயே தொடங்கிவிட்டது போலத் தெரிகிறது. ஆனால் ஊர் அதைப் பேசாது. மந்திரி அச்சையாவோடு சேர்த்துத்தான் பேசும். அவர் மந்திரி, அடிக்கடி பார்க்காமல் எப்படி ஆட்சி நடத்துவது?

ஜூன் 9

மூட்டு வலி என்று சித்தி நாள் பூராப் படுத்திருந்தாள். மழையும் இல்லை.

ஜூன் 11, புதன்

தமுக்கம். மங்கம்மாளின் அரண்மனை, 1959இலிருந்து காந்தி மியூசியம். திரும்பும்போது சித்தியிடம் கேட்டேன்: அப்போது தலைநகரம் திருச்சி. பாட்டியை அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தா பட்டினி போட்டார்கள்? சித்தி கொஞ்சமும் அசரவில்லை. "பின்ன, நாலு பேர் இருக்குற இடத்துலயா செய்வாக?"

சரி, அந்தக் கட்சியும் இருக்கட்டும். பேரனுக்கு வயது வந்தும் அதிகாரத்தைக் கொடுக்கத் தயங்கினாள் என்கிறார்கள். வாசம், கம்பி, எட்டாத கை எல்லாம் வாய்வழி வந்தவை.

ஜூன் 13, வெள்ளி

சித்தி கிளம்பினாள், பஸ்ஸில்தான் போவேன் என்று அடம். மங்கம்மாள் தெரியாமல் இடது கையால் வெற்றிலை போட்டுவிட்டாளாம். அந்தப் பாவம் தீரத்தான் கன்னியாகுமரி வரை சாலை போட்டு இரண்டு பக்கமும் மரம் வைத்தாள் என்று மாட்டுத்தாவணி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வெற்றிலைக்கு இவ்வளவு நீளச் சாலையா என்று கேட்க நினைத்தேன், பஸ் வந்துவிட்டது.

மத்தியானம் சாத்தூர் தாண்டிப் போன் பண்ணினாள். "நாலுவழிச் சாலைன்னு ஒரு மரத்த விட்டு வைக்கலட்டி. வெயில் பூரா என் பக்கந்தான் அடிக்கி."