ராத்திரி ரெண்டு நாப்பது

"டாக்டர் போன எடுத்தாருன்னு எழுதியிருந்தா எங்களுக்கு மார்க் போயிருக்காதுல்ல மேடம்?"

ஒரு ஹாஸ்பிஸ்ல, அதாவது குணமாகாத நோயாளிங்கள கடைசி வரைக்கும் வச்சுப் பாக்கற இடத்துல, நைட் சிஸ்டர் என்கிட்ட கேட்டது இவ்வளவுதான். அந்த இடத்துக்குப் பணம் கொடுக்கற ட்ரஸ்டுக்காக தரம் பாத்து மார்க் போடப் போனவ நான். கோபமா கேக்கல, அழல, ரவுண்ட்ஸ்ல புரியாத ஒண்ண கேக்கற மாதிரி சாதாரணமா கேட்டாங்க. கையில மார்ஃபின் (கடுமையான வலிக்குக் கொடுக்கற மருந்து) ரெஜிஸ்டர், விரல் அந்தப் பக்கத்துலயே இருந்துச்சு. நான் "அப்படியெல்லாம் இல்ல சிஸ்டர், நடந்தத எழுதினதுதான் சரி, எப்பவும் அப்படித்தான் எழுதணும்"னு சொன்னேன். "சரி மேடம்"னு ரெஜிஸ்டர மூடி அலமாரிக்குள்ள வச்சு ரெண்டு பூட்டையும் போட்டாங்க. அவங்க கேட்டதுக்கு ஒரே வார்த்தைல பதில் இருக்கு. ஆமா. அப்படி எழுதியிருந்தா போயிருக்காது, காலைல டாக்டர் வந்து பக்கத்துல கையெழுத்து போட்டிருப்பார், நான் பாத்து டிக் அடிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். அத நான் சொல்லல. ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இன்னும் அந்தக் கேள்வி அப்படியே நிக்குது.

நடந்தது என்னன்னா, வாய்ப் புற்றுநோய் உள்ள ஒருத்தர், கன்னத்துல புண் வெளிய வரைக்கும் வந்துடுச்சு, மூக்கு வழியா வயித்துக்குப் போற ரைல்ஸ் ட்யூப். மார்ஃபின் 10 மி.கி. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா பொடி பண்ணி ட்யூப்ல, ராத்திரி பத்து மணிக்கு மட்டும் 20, நடுவுல எழுப்ப வேணாம்னு. இதெல்லாம் எல்லா இடத்துலயும் பண்றதுதான். அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு அவர் எழுந்து உக்காந்து தலைய சுவத்துல இடிச்சிக்கிட்டார். பதினெட்டு பேருக்கு ஒரு சிஸ்டர் ஒரு ஆயாம்மா. டாக்டருக்கு மூணு தடவை போன் போட்டிருக்காங்க, எடுக்கல. அதுக்கப்புறம் சிஸ்டர் எழுதினது எனக்கு மனப்பாடமா இருக்கு:

"2.40. வலி 9. டாக்டருக்கு 3 முறை போன், எடுக்கவில்லை. மார்ஃபின் 10 மி.கி. ட்யூப்பில். 3.30 வலி 3. மூச்சு 16. தூங்குகிறார்."

கீழ கையெழுத்து. ஸ்டாக் பக்கத்துல ஒரு மாத்திரை கழிச்சிருக்கு, நான் ஸ்ட்ரிப்ப எடுத்து எண்ணிப் பாத்தேன், கணக்கு சரி.

நான் பதினோரு வருஷம் கேன்சர் வார்டுல நர்ஸா இருந்தவ. அந்த அஞ்சு வரிய படிச்சப்போ முதல்ல தோணினது, நல்ல நர்ஸ்னு. வலிய பத்துக்கு எத்தனைன்னு எண்ல எழுதியிருக்காங்க, கொடுத்தப்புறம் திரும்ப வந்து பாத்திருக்காங்க, மார்ஃபின் அதிகமானா மூச்சு குறையும்னு நிமிஷத்துக்கு எத்தனைன்னு மூச்ச எண்ணியிருக்காங்க. பெரிய பெரிய ஆஸ்பத்திரி சார்ட்லயே பாதி நேரம் இது இருக்காது. ஆனா என் கையில இருந்த செக்லிஸ்ட்ல ஒரு கேள்வி, டாக்டர் உத்தரவு இல்லாம போதை மருந்து எப்பவாவது கொடுக்கப்பட்டிருக்கா. ஆமான்னா சிவப்பு. அந்த ஒண்ணு சிவப்பானா மத்ததெல்லாம் சேத்து தொண்ணூறு வாங்கினாலும் முதல் பக்கத்துல சிவப்புதான் நிக்கும். சிவப்பு போட்டேன்.

சரியாத்தான் போட்டேன்னு பல நாள் எனக்கு நானே சொல்லியிருக்கேன், அதுக்கு காரணமும் இருக்கு. 1985ல போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தப்புறம் இந்த நாட்டுல மார்ஃபின் வச்சிருக்கவே ஆஸ்பத்திரிங்க பயந்துச்சு, ஒவ்வொரு லைசென்ஸுக்கும் ஒவ்வொரு ஆபீஸ் வாசல்ல நிக்கணும், பத்துப் பன்னெண்டு வருஷத்துல மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு போச்சு. கேன்சர் நோயாளிங்க வெறும் பாராசிட்டமால் மாத்திரையோட செத்தாங்க. 2014ல சட்டத்த திருத்தினப்புறம்தான் அங்கீகாரம் வாங்கின நிறுவனம், பயிற்சி எடுத்த டாக்டர், ஒழுங்கான ரெஜிஸ்டர், இந்த மூணும் இருந்தா போதும்னு ஆச்சு. அதுக்காக கேரளால இருந்தும் மத்த ஊர்ல இருந்தும் டாக்டர்ங்க எத்தனை வருஷம் அலைஞ்சாங்கன்னு இந்த வேலைல இருக்கறவங்களுக்குத் தெரியும். அவ்வளவு கஷ்டப்பட்டு வந்த விஷயம். ரெஜிஸ்டர்ல உத்தரவு இல்லாத ஒரு டோஸ நாளைக்கு ஒரு இன்ஸ்பெக்டர் பாத்தா அங்கீகாரமே போகலாம், போனா அந்த பதினெட்டு பேருக்கும் மருந்து இல்ல. அதனால நான் கண்டுக்காம விட்டிருந்தா அது கருணை இல்ல, அந்த ஹாஸ்பிஸையே ஆபத்துல தள்றது. இத இப்பவும் நம்பறேன்.

நம்பறேன்னு எழுதிட்டு மறுபடி அந்த 3.30 வலி 3ங்கற வரிக்கே வந்துடறேன்.

அன்னைக்கு வார்டுக்குப் போனப்போ அந்த நோயாளி இருந்தார். உதடு காயல, ஆயாம்மா மணிக்கு ஒரு தடவை காஸ் துணிய நனைச்சு துடைச்சிக்கிட்டு இருந்தாங்க. அந்த மாதிரி புண்ணுக்கு வாசல்லயே நாத்தம் வரும், அங்க வரல, மெட்ரோனிடசோல் மாத்திரைய பொடி பண்ணி புண்ணுல தூவி சுத்தமா கட்டியிருந்தாங்க. மலம் போன சார்ட் தினமும் எழுதியிருந்துச்சு, மார்ஃபின் கொடுக்கற இடத்துல நான் முதல்ல பாக்கறது அதத்தான், மூணு நாள் போகலன்னா வலிய விட அது பெரிய வேதனை, அத கவனிக்கற இடம் எல்லாத்தையும் கவனிக்கும். அவர் சம்சாரம் பக்கத்துல ஸ்டூல்ல இருந்தாங்க. அன்னைக்கு ராத்திரி பத்தி கேட்டேன். "அந்த சிஸ்டரு இவரு நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அசையாம நின்னுச்சும்மா, நான் ஏதோ ஆகிப்போச்சுன்னு பயந்துட்டேன், அப்புறம்தான் மூச்ச எண்ணுதுன்னு தெரிஞ்சுது"ன்னாங்க. இதுக்கு என் செக்லிஸ்ட்ல இடம் இல்ல. குறிப்புகள்னு கடைசில ஒரு கட்டம் இருக்கும், அதுல எழுதினேன். அந்தக் கட்டத்த ட்ரஸ்ட்ல யாரும் படிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்.

ஆனா என்ன உறுத்தறது சிவப்பு போட்டது இல்ல. சிவப்பு யார் பேர்ல போச்சுங்கறதுதான்.

நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா மார்ஃபின் எழுதற டாக்டர், நடுவுல திடீர்னு வலி வந்தா இவ்வளவு குடுங்கன்னு எஸ்.ஓ.எஸ். டோஸும் அதே சீட்டுல எழுதணும். இது பாலியேட்டிவ் கேர், அதாவது வலிய தணிச்சுப் பாத்துக்கற கவனிப்பு, அந்தப் பயிற்சில ஆரம்பத்துலயே சொல்லித் தர்ற விஷயம். சிசிலி சாண்டர்ஸ் 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் ஆரம்பிச்ச காலத்துல இருந்து சொன்னது, வலி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, கடிகாரத்த பாத்து குடுங்கன்னுதான். கடிகாரத்த மீறி வர்ற வலிக்குத்தான் அந்த எஸ்.ஓ.எஸ். (அந்தம்மா டாக்டர் ஆகறதுக்கு முன்னாடி நர்ஸா இருந்தவங்க, இத எங்க ஆளுங்ககிட்ட சொல்ல எனக்கு எப்பவும் ஒரு சந்தோஷம்.) அன்னைக்கு அந்த சீட்டுல எஸ்.ஓ.எஸ். இல்ல. நான் எடுத்துப் பாத்த பத்து சீட்டுல ஏழுல இல்ல. ஒரே ஒரு வரி எழுதியிருந்தா சிஸ்டர் கொடுத்த அந்த 10 மி.கி. உத்தரவுப்படி கொடுத்ததா ஆகியிருக்கும், தப்பே கிடையாது.

இது எனக்கு அன்னைக்கே தெரியும். ரிப்போர்ட்ல முன்னாடி கொண்டு வரல. டாக்டர் சம்பளம் வாங்காம வர்றவர். காலைல தன் கிளினிக்குக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் வார்டு பாத்துட்டுப் போவார், பல வருஷமா. பயிற்சி எடுத்த டாக்டர் அந்த வட்டாரத்துல வேற இல்ல, அவர் பேர வச்சுத்தான் மார்ஃபின் அங்கீகாரமே. அவர் மேல எழுதினா மனசு கசந்து வராம போயிடுவாரோன்னு பயம். சும்மா வந்து செய்யறவர்கிட்ட குறை சொல்ல வாய் வரல. சம்பளம் வாங்கற சிஸ்டர் மேல எழுத கை வந்துடுச்சு. எஸ்.ஓ.எஸ். விஷயத்த "மருத்துவர் உத்தரவுகளை இன்னும் முழுமைப்படுத்தலாம்"னு மெதுவா ஒரு வரி எழுதினேன். ஒரு நர்ஸா இருந்துட்டு இன்னொரு நர்ஸ் மேல பாரத்த இறக்கி வச்சிருக்கேன், வேற மாதிரி இத சொல்ல முடியல.

ரெண்டாவது தவணை பணத்த ட்ரஸ்ட் மூணு மாசம் நிறுத்தி வச்சுது. ஹாஸ்பிஸ் நிர்வாகம் சிஸ்டருக்கு மெமோ கொடுத்துச்சு. எஸ்.ஓ.எஸ். எல்லா சீட்டுலயும் எழுத ஆரம்பிச்சாங்க. அப்படிப் பாத்தா என் ரிப்போர்ட்டால நல்லதுதான் நடந்திருக்கு, ட்ரஸ்ட் மீட்டிங்ல இத ஒரு உதாரணமாவே காட்டினாங்க, நானும் தலையாட்டினேன்.

பதினோரு மாசம் கழிச்சு மறுபடி போனேன். எல்லா சீட்டுலயும் எஸ்.ஓ.எஸ். இருக்கு, டாக்டர் கையெழுத்து இருக்கு. ரெஜிஸ்டர ஒவ்வொரு பக்கமா புரட்டினேன். பகல்ல எஸ்.ஓ.எஸ். டோஸ் அங்கங்க இருக்கு. ராத்திரி பத்துக்கும் காலைல ஆறுக்கும் நடுவுல ஒண்ணு கூட இல்ல. பதினோரு மாசம், எப்பவும் பதினஞ்சு இருபது கேன்சர் நோயாளி இருக்கற வார்டு, ஒரு ராத்திரி கூட ஒருத்தருக்குக் கூட கூடுதல் வலி வரலயா. வார்டுல வேலை பாத்த யாரும் இத நம்ப மாட்டாங்க. ராத்திரில பேச்சுத் துணை இல்ல, பயம் கூடும், வலியும் கூடும். வீட்ல வச்சுப் பாக்கறவங்களுக்கு 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல நர்ஸ் வந்து பாக்கறாங்க, பெரிய உதவி அது, ஆனா அவங்க பகல்லதான் வர முடியும், ராத்திரி வலிய வீட்ல வச்சு தாங்க முடியலன்னுதான் பாதி குடும்பம் இந்த மாதிரி இடத்துக்கே வருது.

புதுசா வந்திருந்த நைட் சிஸ்டர்கிட்ட, சின்னப் பொண்ணு, "ராத்திரி யாருக்காவது வலின்னா என்னம்மா பண்ணுவீங்க"ன்னேன். "படுக்கைய மாத்திக் கொடுப்போம் மேடம், பேசிக்கிட்டு இருப்போம், காலைல டாக்டர்கிட்ட சொல்வோம்"னு சொல்லுச்சு. எஸ்.ஓ.எஸ். எழுதியிருக்கே, கொடுக்கலாமேன்னேன். "கொடுக்கலாம் மேடம்"னு சொல்லிட்டு தரையப் பாத்துச்சு. அந்த மெமோ கதை அந்தப் பொண்ணுக்கும் போயிருக்கணும்.

செக்லிஸ்ட் பிரகாரம் எல்லாம் பச்சை. உத்தரவு இல்லாத டோஸ் பூஜ்யம். பச்சை போட்டேன், வேற என்ன போட முடியும், கொடுக்காத மருந்துக்கு சிவப்பு போட ஒரு கட்டம் இல்ல. முதல் தடவை வலி 9ல இருந்து 3 ஆச்சு, சிவப்பு. இப்போ எத்தனை பேரோட 9 விடியற வரைக்கும் 9ஆவே இருந்துச்சுன்னு எந்த ரெஜிஸ்டர்லயும் இல்ல, பச்சை.

அப்போ தர மதிப்பீடே வேணாமான்னு கேட்டா அப்படி சொல்ல மாட்டேன். 2010ல சாகற நேரத்து கவனிப்ப வச்சு 40 நாட்ட வரிசைப்படுத்தினப்போ நம்ம நாடு கடைசி, 2015ல 80ல 67. அந்த மாதிரி யாராவது அளந்து சொன்னாத்தான் வெக்கமாவது வருது. கேள்வி கேக்காம விட்டா என்ன ஆகும்னும் பாத்திருக்கேன், வேற ஒரு இடத்துல மார்ஃபின் ஸ்டாக் தீந்து ரெண்டு வாரமா அத விட வீரியம் கம்மியான ட்ராமடால வச்சு ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, நாங்க போகலன்னா வெளிய தெரிஞ்சிருக்காது. அமெரிக்கால ஹாஸ்பிஸ மதிப்பிட, இறந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு வீட்டாருக்கே கேள்வித்தாள் அனுப்பறாங்க, வலிக்கு வேண்டிய உதவி கிடைச்சுதா, ராத்திரி கூப்பிட்டப்போ ஆள் வந்தாங்களான்னு. அந்த ஸ்டூல்ல உக்காந்திருந்த அம்மாகிட்ட அப்படி ஒரு தாள் போயிருந்தா அந்த ஹாஸ்பிஸ் எத்தனை மார்க் வாங்கியிருக்கும். ஆனா அதையும் முழுசா நம்ப பயமா இருக்கு, நம்ம ஊர்ல இலவசமா வச்சுப் பாத்த இடத்த குறை சொல்ல எந்தக் குடும்பத்துக்கும் மனசு வராது, கடவுள் மாதிரி பாத்துக்கிட்டாங்கன்னுதான் சொல்வாங்க.

ட்ரஸ்ட்ல ரெண்டு கேள்வி சேக்கச் சொன்னேன். ஒண்ணு, எத்தனை சீட்டுல எஸ்.ஓ.எஸ். எழுதியிருக்கு. சேத்துட்டாங்க. இன்னொண்ணு, ராத்திரி எஸ்.ஓ.எஸ். எத்தனை கொடுத்தாங்க, ஒண்ணுமே இல்லன்னா ஏன்னு கேக்கணும். அது இன்னும் பேச்சுலயே இருக்கு, எண்ணிக்கைய பாத்தா மருந்த தேவை இல்லாம கொடுக்க ஆரம்பிச்சிடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னார். நடந்தத பாத்தப்புறம் அவர் சொல்றதும் தப்புன்னு என்னால அடிச்சு சொல்ல முடியல.

அந்த சிஸ்டர் இப்போ பகல் டியூட்டி. ரெண்டாவது தடவை போனப்போ அவங்கதான் டீ கொண்டு வந்து கொடுத்தாங்க. "இந்தத் தடவை எல்லாம் சரியா இருக்குல்ல மேடம்"னாங்க. "இருக்கு சிஸ்டர்"னேன். மெமோ பத்தி அவங்களும் பேசல நானும் பேசல. ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம், ஆனா எதுக்குன்னு சொல்லி கேக்கறது, சட்டப்படி தப்புன்னு இப்பவும் சொல்ற ஒண்ணுக்கு.

அடுத்த வாரம் மூணாவது விசிட். இந்தத் தடவை ராத்திரி வார்டுலயே தங்கறேன்னு லெட்டர்ல எழுதிட்டேன், சொல்லிட்டுப் போய் தங்கினா என்ன தெரியும்னு எனக்கே சந்தேகம்தான். நேத்து அந்த சிஸ்டர் போன் பண்ணாங்க. ராத்திரி எனக்கு இட்லியா சப்பாத்தியான்னு கேட்டாங்க. இட்லி போதும்னேன். "எந்த ரூம்ல படுக்கறீங்க மேடம்"னாங்க. படுக்கல சிஸ்டர், நைட் சிஸ்டர் கூட உக்காந்திருக்கேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்ல. அப்புறம் "ரெண்டு மணிக்கு மேலதான் மேடம், முழிச்சிருங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க.