கடலோரத்தில் ஒவ்வோர் அடுக்குக்கும் தனிக் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி நிலத்தடி நீருக்குப் பல்லடுக்குக் கணினி மாதிரி அமைக்கும் வேலையில் என் நேரத்தை அதிகம் விழுங்கியது எல்லை நிபந்தனைகள்தாம், அதாவது மாதிரியின் ஓரங்களில் நீர் எப்படி நடந்துகொள்ளும் என்று கொடுக்கும் விதிகள். நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிப்பதெல்லாம் விரைவில் முடிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை செம்மண்ணில் இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் சேர்ந்து, உவர்நீரின் மேல் மிதக்கிறது. நீர்மட்டம் கடலைவிட ஓரடி உயர்ந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கோட்பாடு. இங்கே எல்லையில் அரை மீற்றர் பிசகினாலும் மாதிரி வேறோர் ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடும்.

கரையோரக் கட்டங்கள் அனைத்துக்கும், எந்த அடுக்கானாலும், நீர்மட்டம் பூச்சியம் என்று கொடுத்துவிடும் பழக்கம் உண்டு. மேலடுக்கில் அதனால் பெரிய கேடில்லை. ஆழத்தில் அது செல்லாது. கடல்நீர் நன்னீரைவிட 2.5 சதவீதம் அளவுக்குக் கனமானது. ஆகவே 20 மீற்றர் ஆழத்தில் அதன் அழுத்தம், கடல்மட்டத்துக்கு அரை மீற்றர் மேலே நிற்கும் நன்னீருக்குச் சமம். 40 மீற்றரில் முழு ஒரு மீற்றர். ஒவ்வோர் அடுக்கின் நடு ஆழத்தையும் எடுத்து, அதற்குரிய மட்டத்தைத் தனித்தனியே கொடுத்தேன்.

அடுத்தது, எல்லையின் வகை. நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளான மொட்ஃபுளோவில் (MODFLOW) நிலையான மட்டம் கொடுத்த கட்டம், கேட்டவளவு நீரையும் தந்துவிடும். கோடையில் வெங்காயத் தோட்டங்களுக்கு எவ்வளவு இறைத்தாலும் கணினித் திரையில் கரையோரக் கிணற்று நீர் பெரிதாக இறங்காது. அந்த நீர் கடலிலிருந்து வந்தது என்பதை மட்டம் காட்டாது. இதைவிட ஆபத்தான ஆறுதல் விவசாயிக்கு வேறில்லை. அதனால் கீழடுக்குகளில் கடலுக்கும் கட்டத்துக்கும் நடுவே தடையை வைத்து, மட்ட வேறுபாட்டுக்கு ஏற்பவே நீர் கடக்கும் எல்லையைத் தேர்ந்தேன். கடல்நீரேரிப் பக்கம் அடிச்சேற்றின் தடையையும் சேர்த்தேன். கீரிமலை ஊற்றை வடிகால் எல்லையாக வைத்தேன். அது நீரை வெளியே விடும், உள்ளே எடுக்காது.

சரிபார்ப்பதற்கு மட்ட வரைபடத்தை மட்டும் நம்பவில்லை. உள்ளே வரும் நீரையும் வெளியே போகும் நீரையும் காட்டும் நீர்ச்சமநிலை அட்டவணையை அடுக்கு வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மார்கழியில் எல்லா அடுக்குகளிலிருந்தும் நீர் கடலுக்குப் போனது. ஆவணியில் கீழடுக்கின் வரிசையில் முதலில் 'உள்வரவு' எழுந்தது. மேலடுக்கு அப்போதும் வெளியே விட்டுக்கொண்டிருந்தது. மேலே நன்னீரும் அடியில் உவரும் நிற்கும் நிலாவரைக் கிணற்றை அறிந்த எவருக்கும் இந்த வரிசை பொருத்தமாகவே தெரியும்.

உப்பு எவ்வளவு தூரம் ஏறும் என்பதை இந்த மாதிரி சொல்லாது. அதற்கு அடர்த்தி மாற்றத்தையும் கணக்கிடும் சீவாட் (SEAWAT) என்ற மென்பொருள் வேண்டும். அங்கும் இதே எல்லைகளிலிருந்துதான் தொடங்குகிறேன்.