மஞ்சள் உறை சென்ற முகவரி

டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரின் ஹில்கிராஃப்ட் சாலைக்கு நாங்கள் மாதம் இரண்டு முறை சென்றுகொண்டிருந்தது இட்லி அரிசிக்கும் கறிவேப்பிலைக்கும்தான். இந்தியக் கடைகள் நெருக்கமாக உள்ள அந்தப் பகுதிக்கு 2010ஆம் ஆண்டில் மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று பெயரிட்டார்கள். அதற்கு மிக அருகிலேயே கல்ஃப்டன் இருக்கிறது. மெக்சிகோ, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், குவாத்தமாலா முதலிய நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நெருங்கி வாழும் அந்த இடத்துக்குள் நான் கால் வைக்க ஒன்பது ஆண்டுகள் ஆயின என்பதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நகரவாசிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட மக்கள்.

நான் அங்கே சென்றது ‘ப்ரொமொத்தோரா’வாக. மருத்துவமனை, பள்ளி, அரசு உதவித் திட்டம் ஆகியவற்றுக்கும் குடியிருப்பு மக்களுக்கும் இடையே நின்று வழிகாட்டும் ஊழியரை லத்தீன் அமெரிக்காவில் அப்படி அழைக்கிறார்கள். டெக்சாஸ் அரசின் சான்றிதழிலும் அந்தச் சொல் இருக்கிறது. 160 மணி நேரப் பயிற்சியை முடித்து விண்ணப்பித்தால் சான்றிதழ் கிடைக்கும். விண்ணப்பக் கட்டணம் இல்லை. என்னுடைய ஸ்பானிஷ், வினைச்சொற்களில் இன்றும் தடுக்கி விழும் ஸ்பானிஷ்தான்.

அந்தத் தாயை நான் சந்தித்தது 2023 அக்டோபர் இரண்டாம் வாரத்தில். மெக்சிகோவின் குவானஹுவாத்தோ மாநிலத்தைச் சேர்ந்தவர். கணவருக்குக் கூரை வேயும் வேலை, கூலி ரொக்கம். பிள்ளைகள் இருவரும் ஹூஸ்டனில் பிறந்ததால் குடியுரிமை உள்ளவர்கள்; பெற்றோருக்குக் குடியேற்றத் தாள்கள் இல்லை. ஏழு வயது மகளின் ஆஸ்துமா மருந்தை வாங்கச் சென்றபோதுதான் மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு நின்றுபோன செய்தி அவருக்குத் தெரிந்தது. கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல், மெடிக்கெய்டிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்ற ஏற்பாடு நடப்பில் இருந்தது. அது 2023 மார்ச்சோடு முடிந்து, ஏப்ரல் முதல் புதுப்பிப்புகள் மீண்டும் தொடங்கின. அதற்கான படிவம் ‘நடவடிக்கை தேவை’ என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்ட மஞ்சள் உறையில் வரும். 30 நாட்களுக்குள் பதில் அனுப்ப வேண்டும். இவர்களுக்கும் உறை சென்றிருக்கிறது. ஆனால் அவர்கள் வாடகை குறைவான வேறொரு கட்டடத்துக்கு ஏற்கெனவே குடிபெயர்ந்துவிட்டார்கள். முகவரி மாற்றத்தை யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஜூலை கடைசியோடு காப்பீடு முடிந்துவிட்டது.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்திருந்தது. செப்டம்பரில், நோட்டரி பலகை மாட்டிய ஒரு கடைக்காரரிடம் 150 டாலர் கொடுத்துப் புது விண்ணப்பம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளில் நோத்தாரியோ என்றால் சட்டம் படித்த பெரிய மனிதர். டெக்சாஸில் நோட்டரி என்பவர் கையெழுத்துக்குச் சான்றளிப்பவர் மட்டுமே. அந்தக் குழப்பத்தால் ஏமாறுபவர்கள் மிகுதி என்பதால்தான் ‘நோத்தாரியோ பூப்ளிகோ’ என்று விளம்பரம் செய்வதையே மாநிலச் சட்டம் தடுக்கிறது. விண்ணப்பிக்க ஒரு காசும் தேவையில்லை என்று நான் சொன்னபோது அந்தத் தாய் தன் கணவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த விண்ணப்பம் அனுப்பப்பட்டதற்கு ரசீதும் இல்லை, தடயமும் இல்லை.

நான் முதலில் செய்தது நாட்களை எண்ணியதுதான். புதுப்பிக்காததால் காப்பீடு நின்றுபோனாலும் 90 நாட்களுக்குள் அந்தப் புதுப்பிப்புப் படிவத்தையே நிறைவு செய்து கொடுத்தால் புது விண்ணப்பமாகக் கருதாமல் பரிசீலிக்க வேண்டும் என்பது கூட்டரசு விதி. எங்களுக்கு இரண்டு வாரங்களுக்கும் சற்றுக் கூடுதலான அவகாசம் இருந்தது. 211 என்ற எண்ணை அழைத்து, மொழியைத் தேர்ந்தெடுத்து, பிறகு 2ஐ அழுத்தினால் அரசு உதவித் திட்டங்களின் பிரிவு கிடைக்கும். முகவரியை மாற்றினோம், படிவத்தை மறுபடி அனுப்பக் கேட்டோம்.

படிவத்தைவிட அச்சமே எங்களுக்குப் பெரிய வேலை வைத்தது. ‘கார்கா பூப்ளிகா’ என்ற இரண்டு சொற்கள் அந்தக் குடியிருப்பில் காய்ச்சலைப் போலப் பரவியிருந்தன: அரசு உதவி பெற்றவர் நாட்டுக்குச் சுமை என்று பதியப்பட்டு, பின்னாளில் கிரீன் கார்டு மறுக்கப்படும் என்பது அதன் பொருள். அப்போது நடப்பில் இருந்த, 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த விதியின்படி, பிள்ளைகள் பெறும் மெடிக்கெய்ட் பெற்றோரின் கணக்கில் சேராது. தமக்கென்று உதவி கேட்காத பெற்றோர் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ குடியேற்ற நிலையையோ சொல்லவும் வேண்டியதில்லை. இதை ஸ்பானிஷ் துண்டறிக்கையோடு விளக்கினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார்; நம்பவில்லை. மூன்று நாள் கழித்து, சலவை இயந்திரங்கள் இருக்கும் அறையில், பிள்ளைகள் மெடிக்கெய்டில் இருந்தபோதே கணவருக்குக் கிரீன் கார்டு கிடைத்த ஒரு பெண்மணி தன் கதையைச் சொன்ன பிறகுதான் அவர் பேனாவைக் கையில் எடுத்தார். பயிற்சியில் எனக்குக் கொடுத்த துண்டறிக்கைகள் இன்றும் என் காரின் பின்னிருக்கையில்தான் கிடக்கின்றன.

அடுத்த சிக்கல் பெயர். ஸ்பானிஷ் வழக்கில் பிள்ளைக்குத் தந்தையின் குடும்பப் பெயரும் தாயின் குடும்பப் பெயரும் அடுத்தடுத்து வரும். இங்கே ஒரு பதிவேட்டில் இரண்டும் சேர்ந்திருந்தன. இன்னொன்றில் தந்தை பெயர் நடுப்பெயராகி, தாய் பெயர் மட்டும் குடும்பப் பெயராக நின்றது. ஒரே குழந்தை இரண்டு குழந்தைகளாகிவிட்டாள். தலைப்பெழுத்தோடு வந்து, அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிக்கொண்டு, விமான நிலையத்தில் அப்பாவின் பெயரால் அழைக்கப்படும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழின் நகலை இணைத்து, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று தனிக் கடிதம் எழுதினோம். வருமானத்துக்குச் சான்றாக, கணவரின் மேஸ்திரி கையெழுத்திட்ட கடிதத்தைப் பெற ஐந்து நாட்கள் ஆயின. கேட்டால் வேலை போய்விடுமோ என்று அவர் அஞ்சியது நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் மகளை அவசரப் பிரிவுக்குக் கொண்டுசென்ற கட்டணம் நிலுவையில் இருந்ததால், முந்தைய மூன்று மாத மருத்துவச் செலவு குறித்த கேள்விக்கும் ‘ஆம்’ என்று எழுதினோம்.

அதே வாரத்தில் அவருடைய தங்கை மகன், பதின்மூன்று வயதுப் பையன், அந்த வீட்டில் வந்து தங்கினான். அவனைச் சேர்க்கச் சென்ற பள்ளியில் வாடகை ஒப்பந்தத்தில் அவன் பெற்றோரின் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிப் பொதுப்பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்பது 1982ஆம் ஆண்டின் பிளைலர் எதிர் டோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. அந்த வழக்கு எழுந்ததே டெக்சாஸின் ஒரு சட்டத்தால்தான். பொருளாதார நெருக்கடியால் பிறர் வீட்டில் தங்கும் பிள்ளைகளைத் தாள்கள் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும் என்று மெக்கின்னி–வென்டோ சட்டமும் சொல்கிறது. மறுநாள் நான் சட்டம் பேசவில்லை. அந்தச் சட்டத்துக்காகப் பள்ளி மாவட்டத்தில் நியமிக்கப்பட்டிருக்கும் அலுவலரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அன்று மாலைக்குள் பையன் சேர்ந்துவிட்டான்.

தாய்க்கு மெடிக்கெய்ட் கிடையாது. வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைக்கும் சமூக நல மையம் ஒன்றில் பதிவு செய்தோம். மெக்சிகோ தூதரகம் வழங்கிய மட்ரிக்குலா அட்டையே அங்கே அடையாளமாகப் போதுமானதாக இருந்தது. மருத்துவர் கேள்விகளைத் தொடங்கியதும், வழக்கம்போல ஏழு வயது மகள் முன்னால் வந்து நின்றாள். மாதவிடாய்ப் போக்கு எத்தனை நாள் என்று தாயிடம் கேட்டுச் சொல்லும்படி அந்தக் குழந்தையிடம் சொன்னபோது என்னால் பொறுக்க முடியவில்லை. அவசர நிலை தவிர்த்துச் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்பது 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவின் கீழ் உள்ள விதி. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டோம். நான்கு நிமிடங்களில் வந்தார். மகள் வெளியே சென்று என் கைப்பையிலிருந்த முறுக்கைத் தின்றாள். ஆறு மாதமாகத் தொடர்ந்த உதிரப்போக்கை அந்தத் தாய் அன்றுதான் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார்.

நான் தவறு செய்த இடமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு ஒரு படிவத்தை ஸ்பானிஷில் முழுதும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் ‘சீ, சீ’ என்றார்; ஸ்பானிஷில் ‘ஆம், ஆம்’. அவர் குவாத்தமாலாவின் தொத்தோனிகபானைச் சேர்ந்த மாயா இனத்தவர் என்பதும், அவருடைய மொழி கிச்சே என்பதும், ஸ்பானிஷ் அவருக்குச் சந்தை மொழி மட்டுமே என்பதும், அவர் கையெழுத்திட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தன. ஹிஸ்பானிக் என்ற ஒரே கட்டத்துக்குள் அவரையும் நான் அடைத்திருந்தேன். கிச்சேயிலிருந்து ஸ்பானிஷுக்கும் அதிலிருந்து ஆங்கிலத்துக்கும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களைத் தொலைபேசியில் கோத்து, அந்தப் படிவத்தை முதலிலிருந்து எழுதினோம்.

நவம்பர் கடைசியில், சரியான முகவரிக்கு ஒப்புதல் கடிதம் வந்தது. ஆகஸ்டுச் செலவும் ஏற்கப்பட்டிருந்தது. மகளின் பெயரில் மட்டும் தந்தையின் குடும்பப் பெயர் மறுபடியும் நடுப்பெயராகியிருந்தது. நான் கைபேசியை எடுப்பதற்குள் அந்தத் தாய் 211ஐ அழைத்துவிட்டார்.