கரண்ட் போய் வந்த பிறகு நியூஸ் சர்வரை எழுப்புவது

பெங்களூரில் ஏப்ரல், மே மாத இடிமழைக்கு ஒரு மரக்கிளை போதும், தெருவே இருட்டாகிவிடும். பேட்டரி தேய்ந்த யூபிஎஸ்ஸை நம்பி வீட்டு மூலையில் ஓடும் நியூஸ் சர்வர் (யூஸ்நெட் விவாதக் குழுக்களின் மடல்களைச் சேமித்துத் தரும் மெஷின்) அந்த நேரத்தில் மடலை எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகும். கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழுந்துவிடும். ஆனால் குழுவைத் திறந்தால் காலியாக இருக்கும், அல்லது பழைய மடல்கள் தெரியும், புதியது ஏறாது. டெபியனிலோ உபுண்டுவிலோ ஐஎன்என் என்ற நியூஸ் சர்வர் மென்பொருளை ஓட்டுபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஐஎன்என்-க்குள் நான்கு அடுக்குகள் உண்டு. மடல்கள் இருக்கும் ஸ்பூல்; குழுக்களின் பெயரும் முதல், கடைசி எண்களும் உள்ள ஆக்டிவ் ஃபைல்; எந்த மெசேஜ்-ஐடி (மடலின் தனி அடையாளம்) எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஹிஸ்டரி; குழு வாரியாக எண், தலைப்பு, அனுப்பியவர் எல்லாம் அடுக்கிய ஓவர்வியூ. ஹிஸ்டரியையும் ஓவர்வியூவையும் ஸ்பூலில் இருந்தே மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஸ்பூல் போனால் போனதுதான். அதனால் ஸ்பூலில் எதையும் அழிக்கக்கூடிய வேலைகளை முதலில் நிறுத்துங்கள். பழைய மடல்களை அழிக்கும் தினசரி வேலையான நியூஸ்.டெய்லியை ஓட்டும் கிரான் (நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் கருவி) வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அடுத்து கடிகாரம். பழைய மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்தபின் தேதி பின்னால் போயிருக்கும். நெட் வந்ததும் சரியாகும்தான். ஆனால் ஃபைபர் பெட்டி எழுந்து லைன் பிடிப்பதற்குள் சர்வர் எழுந்துவிடும். லைன் வந்து தேதி சரியாவதற்குள் வரும் மடல்களை, தேதி 24 மணி நேரத்துக்கு மேல் முன்னால் இருப்பதாகச் சொல்லி இன்டி (ஐஎன்என்-இன் மைய நிரல்) திருப்பி அனுப்பும். நியூஸ் லாகில் எதிர்காலத் தேதி என்ற காரணத்தோடு 437 அல்லது 439 குவிந்து கிடந்தால் இதுதான். தேதி தப்பாக முன்னால் போயிருந்தால் இன்னும் மோசம்: பழைய மடல்களை நீக்கும் எக்ஸ்பயர் ஓடினால் கெடு முடிந்ததென்று நினைத்து நல்ல மடல்களையும் அழித்துவிடும். பேட்டரி எஸ்பி ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சர்வர் பெட்டியைக் கழற்றும்போதே மாற்றிவிடுங்கள்.

பிறகு டிஸ்க். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் ஐ/ஓ எரர் வந்தாலோ, டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் கணக்கில் ரீஅலோகேட்டட் செக்டர் (பழுதாகி மாற்றப்பட்ட இடம்) ஏறிக்கொண்டே போனாலோ, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்செக் ஓட்டாதீர்கள். முதலில் டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்க்கையும் படியெடுத்து, அந்தப் படியில் வேலை செய்யுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தால் அன்மவுண்ட் செய்துவிட்டு எஃப்எஸ்செக் ஓட்டினால் போதும். ஸ்பூலை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவதாக இருந்தால் ஆர்சிங்க்கில் சிறிய ஏ, பெரிய ஹெச் இரண்டு கொடிகளும் வேண்டும். டிராட்ஸ்பூல் என்ற சேமிப்பு முறையில் மடல் வந்து சேர்ந்த நேரம் என்பது ஃபைலின் மாற்ற நேரம்தான். வெறும் சிபி செய்தால் எல்லா மடலும் இன்று வந்ததாகிவிடும். பல குழுக்களுக்குப் போன மடல்கள் ஹார்ட் லிங்க்காக இருக்கும். பெரிய ஹெச் இல்லையென்றால் அவை தனித்தனி ஃபைல்களாகப் பெருகிவிடும்.

இடம் இருக்கிறதா என்று டிஎஃப் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், டிஎஃப் ஹைஃபன் ஐ-யும் பாருங்கள். டிராட்ஸ்பூலில் மடலுக்கு ஒரு ஃபைல். இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோட் (ஒரு ஃபைலுக்கான பதிவிடம்) என்று ஒதுக்கும். 20 ஜிபி பார்ட்டிஷனில் ஏறக்குறைய 13 லட்சம். எழுத்து மடல் பெரும்பாலும் ஒரு 4 கேபி பிளாக்கில் அடங்கிவிடும். ஆக 5 ஜிபி நிரம்பும்போதே ஐநோட் தீர்ந்து, முக்கால்வாசி டிஸ்க் காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று வரும். ஓடும் பார்ட்டிஷனில் இந்த விகிதத்தை மாற்ற முடியாது. புதிதாக ஃபார்மட் செய்யும்போது எம்கேஎஃப்எஸ்ஸுக்கு ஹைஃபன் பெரிய டி நியூஸ் என்று கொடுங்கள், 4,096 பைட்டுக்கு ஒன்று கிடைக்கும். யூஸ்நெட்டையே பலர் மறந்துவிட்ட காலத்திலும் அந்தப் பெயர் அங்கே அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

சர்வர் ஓடுகிறது, மடல் மட்டும் ஏறவில்லை என்றால், இன்டியைக் கட்டுப்படுத்தும் சிடிஎல்இன்டி கட்டளையில் மோட் கொடுத்துப் பாருங்கள். த்ராட்டில்ட் (புது மடல்களை ஏற்காமல் நிறுத்திய நிலை) என்று வந்தால் காரணமும் அதே வரியில் இருக்கும். இடம் குறைந்ததால் கண்காணிப்பு நிரலான இன்வாட்ச் நிறுத்தியிருந்தால், இடம் வந்ததும் அதுவே திறந்துவிடும். எழுதும்போது பிழை வந்து இன்டி தானாக நின்றிருந்தால் காரணத்தைச் சரிசெய்துவிட்டு நீங்கள்தான் ‘கோ’ கொடுக்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டு ‘கோ’ மட்டும் அடித்துப் பயனில்லை.

எந்த அடுக்கு கெட்டது என்று கண்டுபிடிக்க டெல்நெட் போதும். 119-ஆம் போர்ட்டில் நுழைந்து மோட் ரீடர், பிறகு குரூப் என்று குழுவின் பெயர். 211 என்ற பதிலோடு எண்ணிக்கை, முதல் எண், கடைசி எண் வரும். இப்போது ஒரே மடலை இரண்டு விதமாகக் கேளுங்கள்: ஆர்ட்டிக்கிள் என்று எண்ணைக் கொடுத்து ஒரு முறை, கோணக் குறிக்குள் மெசேஜ்-ஐடி கொடுத்து ஒரு முறை. எண்ணால் கேட்டால் சர்வர் ஓவர்வியூவைப் பார்க்கும், ஐடியால் கேட்டால் ஹிஸ்டரியைப் பார்க்கும். எண்ணுக்கு மடல் வந்து ஐடிக்கு 430 வந்தால் ஹிஸ்டரி பழுது. ஐடிக்கு வந்து எண்ணுக்கு 423 வந்தால் ஓவர்வியூ பழுது. இரண்டுக்குமே வரவில்லை, ஃபைல் மட்டும் ஸ்பூலில் இருக்கிறது என்றால் இரண்டையும் கட்ட வேண்டும். இதைப் பார்க்காமல் நேராக எல்லாவற்றையும் மறுகட்டமைப்பு செய்வதுதான் பலர் வழக்கம். நேரம் வீண், சில சமயம் நல்ல ஹிஸ்டரியும் போய்விடும்.

இனி சிடிஎல்இன்டி ஷட்டவுன் கொடுத்து நிறுத்துங்கள். கட்டும் வேலை எல்லாம் நியூஸ் பயனராகவே நடக்கட்டும். சில கருவிகள் ரூட்டாக ஓட்டினாலும் தாமே மாறிக்கொள்ளும். நீங்கள் கையால் செய்யும் சிபியும் எம்வியும் மாறாது. எல்லாம் முடிந்தபின் இன்டி எழாமல் ‘பெர்மிஷன் டினைட்’ என்று விழுந்தால் ஹிஸ்டரி ஃபைல்களின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். இன்செக் ஓட்டினால் அது சொல்லிவிடும்.

ஆக்டிவ் காலியாகவோ பாதியாகவோ இருந்தால் பயப்பட வேண்டாம். லாக் டைரக்டரிக்குள் ஓல்ட் என்ற இடத்தில் ஸ்கேன்லாக்ஸ் தினமும் ஒரு பிரதி வைத்திருக்கும். அதை எடுத்துப் போட்டதும் சர்வரைத் திறந்துவிடாதீர்கள். நேற்றைய ஆக்டிவ் ஒரு குழுவின் கடைசி எண் 48,210 என்கிறது, ஸ்பூலிலோ 48,236 வரை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வரும் மடலுக்கு 48,211 கொடுக்கப் பார்க்கும். அந்தப் பெயரில் ஏற்கனவே ஃபைல் இருப்பதால் மறுபடி த்ராட்டில். படிப்பவர் பக்கமும் சிக்கல்தான். எதுவரை படித்தோம் என்பதை தண்டர்பேர்ட் மாதிரி ரீடர்கள் எண்ணை வைத்துத்தான் நினைவு வைத்திருக்கும். எண் பின்னால் போனால் புது மடல் வந்தாலும் ‘படித்தாயிற்று’ என்று மறைத்துவிடும். எண் முன்னால் தாவினால் ஒரு கெடுதலும் இல்லை. ஆகவே சந்தேகம் இருந்தால் இன்டி நின்றிருக்கும்போதே கடைசி எண்ணில் ஆயிரம் கூட்டி எழுதிவிடுங்கள். ஓவர்வியூ நன்றாக இருந்தால், இன்டி எழுந்ததும் சிடிஎல்இன்டி ரீநம்பர் கொடுப்பதும் போதும்.

ஹிஸ்டரியில் இரண்டு பகுதி: எழுத்து ஃபைல், அதில் வேகமாகத் தேட உதவும் டிபிஇசட் அட்டவணைகள். கரண்ட் போனால் பெரும்பாலும் கெடுவது அட்டவணைதான். எழுத்து ஃபைலின் வாலை டெயில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குள் மெசேஜ்-ஐடியின் ஹாஷ் (சுருக்கக் குறியீடு), பிறகு நேரங்கள், பிறகு அட் குறிகளுக்கு நடுவே மடலின் இருப்பிடத்தைச் சொல்லும் டோக்கன் இருக்க வேண்டும். கடைசி வரி மட்டும் பாதியில் நின்றிருந்தால் அதை நீக்கிவிட்டு, அட்டவணைகளை மறுபடி கட்டும் மேக்டிபிஇசட் ஓட்டுங்கள், சீக்கிரம் முடியும். வால் முழுக்க பூஜ்ய பைட்டுகளாக இருந்தால்தான் மேக்ஹிஸ்டரி. அது ஸ்பூலை முழுதாகப் படிக்கும், நேரம் எடுக்கும். ஒரு இழப்பும் உண்டு: ஏற்கனவே கெடு முடிந்து அழிந்த மடல்களின் ஐடிகள் ஸ்பூலில் இல்லாததால் திரும்ப வராது. பக்கத்து சர்வர் அவற்றை மறுபடி நீட்டலாம். எத்தனை நாள் பழைய மடல் வரை ஏற்பது என்று சொல்லும் ஆர்ட்கட்ஆஃப் வழக்கமான 10 நாளிலேயே இருந்தால் அதற்கு மேல் பழையதை இன்டி ஏற்காது, பெரிய தொல்லை இல்லை.

மேக்ஹிஸ்டரிக்கு சிறிய பி கொடியை முதல் ஓட்டத்தில் கொடுக்காதீர்கள், கெட்டதாகத் தெரியும் மடல்களை அது அழிக்கும். ஃபைண்ட் வைத்துப் பூஜ்ய அளவு ஃபைல்களைப் பட்டியலிட்டு, கண்ணால் பார்த்தபின் நீங்களே ஒதுக்கி வையுங்கள்.

ஓவர்வியூ டிராட்இன்டெக்ஸ்ட் முறையில் இருந்தால் அதற்கான கருவி டிடிஎக்ஸ்-யூடில் பெரிய ஏ கொடியோடு எங்கே பழுது என்று காட்டும், பெரிய எஃப் கொடி முடிந்ததைச் சரிசெய்யும். ஒரே ஒரு குழு கெட்டிருந்தால் பெரிய ஆர் கொடியில் ஸ்பூல் பாதையும், சிறிய என் கொடியில் குழுவின் பெயரும் கொடுத்து அதை மட்டும் கட்டலாம். எல்லாமே போயிருந்தால் பழைய ஓவர்வியூ டைரக்டரியை வேறு பெயருக்கு மாற்றி, காலி டைரக்டரி ஒன்றை வைத்து, மேக்ஹிஸ்டரியைப் பெரிய ஓ, சிறிய எக்ஸ், பெரிய எஃப் கொடிகளோடு ஓட்டுங்கள். எக்ஸ் இருப்பதால் ஹிஸ்டரியைத் தொடாது. ஒவ்வொரு மடலின் எக்ஸ்ரெஃப் தலைப்பிலும் குழுவும் எண்ணும் இருப்பதால் பழைய எண்கள் அப்படியே திரும்பி வரும். பஃப்இன்டெக்ஸ்ட் என்ற இன்னொரு ஓவர்வியூ முறையை வைத்திருப்பவர்கள் பஃபர்களை முதலில் பூஜ்யத்தால் நிரப்ப வேண்டும்.

சின்ன சர்வர்களுக்கு ஒன்று: இன்.கான்ஃபில் ஐசிடிசிங்க்கவுண்ட் வழக்கமாக 10, அதாவது பத்து மடலுக்கு ஒருமுறைதான் ஆக்டிவும் ஹிஸ்டரியும் டிஸ்க்குக்குப் போகும். நாளைக்கு நூறு மடல்கூட வராத இடத்தில் அதை 1 ஆக்கினால் வேகம் குறைந்தது யாருக்கும் தெரியாது.

இன்டியை எழுப்பி, சோதனைக் குழுவில் ஒரு மடல் போட்டு, எண்ணாலும் ஐடியாலும் திரும்பக் கேளுங்கள். இரண்டுக்கும் வந்தால் ஆர்நியூஸ் பெரிய யூ கொடியோடு ஓட்டுங்கள். சர்வர் த்ராட்டிலில் இருந்தபோது உறுப்பினர்கள் அனுப்பி, இன்கமிங் டைரக்டரியில் தங்கிப்போன மடல்கள் உள்ளே வரும். அதற்குள் இருக்கும் பேட் டைரக்டரியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தேதி சரியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, கிரான் வரியில் போட்ட ஹாஷ் குறியை எடுத்துவிடுங்கள்.