ஈசல் பறக்கும் ராத்திரி

கொழிஞ்சாம்பாறையில், அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பாலக்காட்டுக்கு மேற்கே கொட்டித் தீர்க்கும் மழை எங்கள் பக்கம் வரும்போது தூறலாகிவிடும். ஆழியாற்றுத் தண்ணீரும் போர்க்கிணறும்தான் தென்னைக்கு உயிர். அப்படிப்பட்ட ஊர்க்காரியே, 4 வருஷத்துக்கு முன் அரிசோனாவின் டூசானில் போய் இறங்கியபோது அழுதுவிட்டேன். வருஷத்துக்குச் சுமார் 30 செ.மீ. மழைதான். எங்கு பார்த்தாலும் முள்ளும் கல்லும்.

“ஏஞ்சாமி, அங்க சீவராசியெல்லாம் என்னத்தக் குடிச்சுப் பொழைக்குது?” என்று அமுச்சி கேட்டாள்.

கங்காரு எலியைச் சொன்னேன். அது தண்ணீரே குடிக்காமல் ஆயுசைக் கழித்துவிடும். தின்ற விதை உடம்புக்குள் செரிக்கும்போது உண்டாகும் ஈரமே அதற்குப் போதும். பாலைவன ஆமை மூத்திரப்பையில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். என் மகள் ஒன்றைத் தூக்கப் போனபோது பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து தடுத்தார். பயந்தால் அத்தனையையும் பெய்துவிடுமாம். அடுத்த மழைவரை தாக்குப்பிடிக்காமல் செத்தும் போகலாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஆனால் அந்த மண்ணில் எனக்கு ஒட்டுதல் வந்தது ஒரு தேரையால். ஜூலையில் ஒரு ராத்திரி இடியோடு மழை. ஓய்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்குட்டிகள் கத்துவதுபோல் சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், குட்டை நிறையத் தேரைகள்! மஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பு, பூனைக்கண். பின்னங்காலில் அரிவாள்போல் கறுத்த, கெட்டியான ஒரு மேடு. அதை வைத்துத்தான் பின்பக்கமாகவே மண்ணைக் குடைந்து உள்ளே போகும். மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். அதை எழுப்புவது ஈரம்கூட இல்லை, மழையும் இடியும் தரையை அதிரவைக்கும் அந்த அதிர்வு. மேலே வந்த அன்றைக்கே இணை சேர்ந்து முட்டையிடும். ஒரே ராத்திரியில் வயிறு முட்டத் தின்னும் ஈசலே ஒரு வருஷத்துக்குக் காணும்.

முட்டை ஒரு நாளில் பொரிந்துவிட்டது. அப்புறம் வெயிலுக்கும் தலைப்பிரட்டைகளுக்கும் பந்தயம். தினமும் வேலைக்குப் போகுமுன் போய்ப் பார்ப்பேன். ஆறாம் நாள் சின்னக் குட்டை வற்றி, வெடித்த சேற்றில் அவ்வளவும் கரியாய் ஒட்டிக் கிடந்தன. மகள் தேம்பினாள். பெரிய குட்டையில் வாளி வாளியாய் ஊற்றினோம். ஒன்பதாம் நாள் நகத்தளவுக் குஞ்சுகள், வால் முழுசாக மறையாமலே, கரையேறின.

நம் மேற்குமலையிலும் மண்ணுக்கடியில் வாழும் தவளை உண்டு. மாபலி மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வருவதால் கேரளத்தில் அதை மாவேலித் தவளை என்பார்கள். அதற்கு அறிவியல் பெயர் கிடைத்ததே 2003இல்தான்.

சாயங்காலம் ஒரு மழை பெய்து விட்டிருக்கிறது. டியூப் லைட்டைச் சுற்றி ஈசல். அமுச்சி அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றி விளக்கடியில் வைக்கிறாள்.

“ஒரு ராத்திரி தின்னா ஒரு வருசத்துக்கு ஆகுமாக்கும்?” என்று மறுபடி கேட்கிறாள்.