எனக்கு ஐபிஎஸ், ஆனா போலீஸ் இல்ல

மதுரை டாக்டர்கிட்ட போய்ட்டு வந்து வீட்ல "ஐபிஎஸ்னு சொல்லிட்டாரு"ன்னு சொன்னேன், மறுநாள் அப்பத்தா பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட "பேராண்டி ஐபிஎஸ் ஆயிட்டானாம்ல"ன்னு பெருமையா சொல்லிக்கிட்டு இருக்கு. அப்பத்தா, அது போலீஸ், இது வயிறு, இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்னு டெஸ்ட்ல சிக்காத குடல் நோய். விளக்கி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ கொல்லைக்கு போய்ட்டு வந்துட்டேன்.

காரைக்குடில இருந்து மதுரைக்கு பஸ்ல போற வழில திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டுல கழிப்பிடம் எந்த மூலைல இருக்கு, மேலூர்ல எத்தன நிமிஷம் நிப்பாட்டுவான், கண்டக்டர்கிட்ட சொல்லிட்டு இறங்கணுமா சொல்லாம ஓடணுமா, இதெல்லாம் ஏழு வருஷமா எனக்கு மனப்பாடம்.

ஆரம்பிச்சது ஒரு கல்யாண வீட்ல. யார் வீடுன்னு வேணாம், சொந்தக்காரங்க. சாப்ட்ட முக்கால்வாசி பேருக்கு மறுநாள் வயித்தால போச்சு, எனக்கு நாலு நாள், ட்ரிப்ஸ் ஏத்துற அளவுக்கு. மத்தவங்களுக்கெல்லாம் ஒரு வாரத்துல சரியாயிடுச்சு, எனக்கு மட்டும் சரியாகவே இல்ல. காய்ச்சல் போச்சு, வலி போகல. ஸ்கேன் எடுத்தாச்சு, மேல இருந்து குழாய் விட்டாச்சு கீழ இருந்தும் விட்டாச்சு, எல்லாம் நார்மல். ஒரு டாக்டர் ஃபைல மூடி வச்சிட்டு "டென்ஷன கொறைங்க தம்பி"ன்னாரு. அவரு பேச்ச கேட்டப்புறம்தான் எனக்கு டென்ஷனே வந்துச்சு.

அப்புறம் பாத்த மதுரை டாக்டர்தான் உக்கார வச்சு பேசினாரு. இந்த நோய்க்கு "ஆமா, இருக்கு"ன்னு அடிச்சு சொல்ற டெஸ்ட் இன்னும் கெடையாதாம், இருக்குற டெஸ்டெல்லாம் வேற எதுவும் இல்லன்னு பாத்துக்குறதுக்குத்தான். அதுல உருப்படியானது மலத்துல பாக்குற கால்ப்ரொடெக்டின், குடல்ல நெசமாவே புண்ணு அழற்சி இருந்தா வெள்ளை அணுக்கள்ல இருந்து வர்ற புரதம் இது, 50க்கு கீழன்னா பெரும்பாலும் பயப்பட வேணாம். எனக்கு கீழதான். மத்தபடி 2016ல வந்த ரோம் 4ங்கற விதிமுறைய வச்சு முடிவு பண்றாங்க, மூணு மாசமா வாரத்துக்கு ஒரு நாளாவது வலி, அந்த வலி மலம் போறதோட சம்பந்தப்பட்டது, போற தடவையும் தன்மையும் மாறியிருக்குன்னு இப்டி கேள்வி கேட்டே கண்டுபிடிக்கிறாங்க. ஆனா ரத்தம் போறது, எடை கொறையறது, ராத்திரி தூக்கத்துல எழுப்பி விடுறதெல்லாம் இருந்தா இந்தக் கணக்குல வராது, உடனே டாக்டர பாருங்க.

கல்யாண வீட்டு கதைய சொன்னதும் அவரு ஆச்சரியமே படல. கனடாவுல வாக்கர்டன்னு ஒரு சின்ன ஊரு, 2000 மே மாசம் பெஞ்ச மழைல மாட்டுச் சாணத்துல இருந்த கிருமி ஊர் குடிதண்ணில கலந்து 2,300 பேருக்கு மேல படுத்துட்டாங்க, 7 பேர் செத்தும் போய்ட்டாங்க. அந்த ஊர் ஜனங்கள எட்டு வருஷம் கழிச்சு பாத்தப்ப, அன்னைக்கு வயித்தால போனவங்கள்ல 15 சதவீதம் பேருக்கு ஐபிஎஸ், தப்பிச்சவங்கள்ல 5 சதவீதம்தான். ஏன் இப்டின்னா, வயித்தால போக வைக்கிற கேம்பைலோபேக்டர்னு ஒரு கிருமி விடுற நஞ்ச எதுத்து நம்ம உடம்பு ஆயுதம் தயார் பண்ணுது, அந்த ஆயுதம் ஆள் அடையாளம் தெரியாம நம்ம குடல்ல இருக்குற வின்குலின்ங்கற சொந்தப் புரதத்தையே போட்டு சாத்துதுன்னு லாஸ் ஏஞ்சலிஸ்ல பிமென்டல்னு ஒரு டாக்டர் சொல்றாரு, அந்த ஆயுதம் ரத்தத்துல இருக்கான்னு பாக்குற டெஸ்டையே 2015ல கொண்டாந்துட்டாங்க. பாசிட்டிவ்னா ஒரு துப்பு கெடைக்கும், நெகட்டிவ்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் கெடையாது. எனக்கு எடுக்கவும் இல்ல, எடுத்திருந்தாலும் வைத்தியம் மாறியிருக்காது.

சரி, கிருமி போயும் ஏன் வலிக்குது? இங்கதான் மண்டைக்கும் குடலுக்கும் உள்ள தொடர்பு. மூளையையும் வயித்தையும் இணைக்கிற வேகஸ் நரம்புல போற சேதில பெரும்பகுதி மூளைல இருந்து எறங்குறது இல்ல, வயித்துல இருந்து மேல ஏறுறது. செரோடோனின்னு ஒரு ரசாயனம், மூளை விஷயமா நாம கேள்விப்படுறமே, அதுல 90 சதவீதத்துக்கு மேல குடல்லதான் இருக்கு. குடலுக்குள்ள சின்ன பலூன விட்டு ஊதிப் பாத்தா, மத்தவங்களுக்கு லேசா இறுக்குற அளவே எங்கள மாதிரி ஆளுங்க பலபேருக்கு வலியா தெரியுதுன்னு 1973லயே கண்டுபிடிச்சிருக்காங்க. கோயில் திருவிழால கூம்பு ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்திருக்குற மாதிரி, பாட்டு அதேதான், நமக்கு மட்டும் காது கிழியுது. 2021ல 53,000 நோயாளிங்க மரபணுவ அலசினப்ப சிக்கின ஆறு எடத்துல பலதும் நரம்பு சம்பந்தப்பட்டது, பதட்டம் மனச்சோர்வுலயும் வர்ற அதே எடங்க. அப்ப "டென்ஷன்"னு சொன்ன அந்த டாக்டர் முழுசா தப்பும் இல்ல. ஆனா டென்ஷனாலதான் வருதுங்கறதும், ரெண்டுக்கும் ஒரே வேருங்கறதும் ஒண்ணா? சொல்ற விதம்னு ஒண்ணு இருக்குல்ல.

வெங்காயம் பூண்டு கோதுமைல இருக்குற ஃப்ரக்டான்ங்கற ஒரு வகை கார்போஹைட்ரேட் நமக்கு செரிக்காது, பெருங்குடல்ல புளிச்சு காத்தா மாறும். அது எல்லாருக்கும்தான் நடக்குது, ஸ்பீக்கர் பக்கத்துல இருக்குறவனுக்குத்தான் அலறல். நம்ம ஊர்ல வெங்காயத்த வேணாம்னு சொல்றது எவ்ளோ பெரிய பாவம் தெரியுமா? சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாம உப்புக் கறியே கெடையாது, இடியாப்பத்துக்கு வெங்காயக் கோஸ் வேணாம்னா அம்மா மூஞ்சி சுண்டிப் போகுது. பூண்ட எண்ணெய்ல பொரிச்சு வாசம் எறங்கினதும் எடுத்துப் போட்டுறணும், அந்த ஃப்ரக்டான் எண்ணெய்ல கரையாது. இந்த ஒரு வித்தைலதான் எங்க வீட்ல சமாதானம்.

நடுவுல ஒரு லேப்ல குடல் பாக்டீரியா டெஸ்ட்னு ஆயிரக்கணக்குல புடுங்கினாங்க, கலர் கலரா பக்கம் பக்கமா ரிப்போர்ட். மதுரை டாக்டர் புரட்டிக்கூட பாக்கல. அதுல பாக்டீரியா பேரெல்லாம் இருக்கும், ஐபிஎஸ் இருக்கா இல்லையான்னு மட்டும் இருக்காது. அந்தக் காசுல ஒரு வருஷத்துக்கு மாத்திரை வாங்கியிருக்கலாம்.

மாத்திரைன்னா அமிட்ரிப்டிலின், 10 மில்லிகிராம், பழைய மனச்சோர்வு மருந்து. மெடிக்கல்ல அந்தத் தம்பி சீட்டப் பாத்துட்டு என்னையும் ஒரு பார்வ பாத்துச்சு. இது மனசுக்கு குடுக்குற அளவு இல்ல, வலிய ஏத்திட்டுப் போற நரம்ப அமுக்குறதுக்கு. 2023ல இங்கிலாந்துல 463 பேர்கிட்ட குடுத்துப் பாத்தப்ப மருந்தே இல்லாத டம்மி மாத்திரைய விட நல்லாவே கேட்டிருக்கு. நீங்களா வாங்கிப் போட்டுறாதீங்க, டாக்டர கேக்காம கூடாது.

இப்ப 20 மில்லிகிராம்ல இருக்கேன். வாய் வறண்டு போகுது, காலைல எந்திரிக்க ஆள் வச்சு எழுப்பணும். போன மாசம் ரெண்டு தடவ மதுரை போய்ட்டு வந்தேன், வழில எங்கயும் எறங்கல. மேலூர் வந்தா மட்டும் கை தானா பாக்கெட்ல சில்லறைய தேடுது.