அப்பாவிடம் ஒரு பதில், அம்மாவிடம் ஒரு பதில்

பார்க்கின்சன் என்றால் கை நடுக்கம், மறதி என்றால் அல்சைமர். எங்கள் வீட்டில் வெகுகாலம் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தோம். 1817-இல் இந்த நோயைப் பற்றி விரிவாக எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சனே, புலன்களுக்கும் அறிவுக்கும் கேடு வருவதில்லை என்றுதான் எழுதினார். இந்த நோயில் மறதியும் வரலாம் என்பது அவருக்கே தெரியாதபோது எங்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

அப்பாவுக்குப் பார்க்கின்சன். காலை மாத்திரையை விழுங்கிவிட்டு, சற்று நேரத்தில் "இன்னும் மாத்திரை தரவில்லையே" என்று அம்மாவைக் கேட்பார். பார்க்கின்சனுக்கான அந்த லெவோடோபா மாத்திரை இரண்டு வேளைக்கு உரியது ஒன்றாக உள்ளே போனால் உடம்பு முறுக்கிக்கொண்டு ஆடும். அதனால்தான் பயம். சொன்னாலோ, "வங்கியில் காலமெல்லாம் கணக்குப் பார்த்தவன், எனக்கா மறதி?" என்பார். வீம்பு என்று அம்மா முடிவே கட்டிவிட்டார்.

நரம்பியல் மருத்துவர் இருவரையும் தனித்தனியே உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்டார். அப்பாவின் பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது: ஒரு குறையும் இல்லை. அம்மா பேசி முடிக்கவே நேரமாயிற்று. இது வீம்பு அல்ல, தன் மறதி தனக்கே தெரியாமல் போவதும் நோயின் பகுதியாக இருக்கலாம் என்றார் மருத்துவர். மனச்சோர்வு உள்ளவர்கள் இதற்கு நேர்மாறாக, இல்லாத மறதிக்கும் கவலைப்படுவார்களாம். ஆகவே யார் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல் சோதித்துப் பார்க்கிறார்கள்.

'மோக்கா' என்ற அந்தத் தேர்வுக்கு மொத்தம் 30 மதிப்பெண். 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்ப்பார்கள். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னபோது அப்பா சின்னதாக ஒரு வட்டம் போட்டார். எண்கள் எல்லாம் வலப்பக்கமாக நெருக்கியடித்து நின்றன. ஒரு முள்ளை 11-லும் இன்னொன்றை 10-லும் வைத்துவிட்டு, திருப்தியோடு நிமிர்ந்தார். முன்னதாக நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து சொற்களில் தானாக இரண்டுதான் வந்தன. எந்த வகைச் சொல் என்று குறிப்புக் கொடுத்ததும் மற்றவையும் வந்துவிட்டன. பதிவாவது பதிவாகிறது, தேடி எடுப்பதில்தான் சிக்கல். பார்க்கின்சனில் பலருக்கு இப்படித்தானாம்.

அம்மா அன்றே பேசும் விதத்தை மாற்றிக்கொண்டார். "நேற்று யார் வந்தார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று மடக்குவதில்லை. "திருச்சிக்காரர் வந்தாரே" என்று அடியெடுத்துக் கொடுக்கிறார்.

நடுக்கத்துக்காகப் பழைய சீட்டிலிருந்து தொடர்ந்துவந்த ட்ரைஹெக்ஸிபெனிடில் மாத்திரை நினைவை மந்தமாக்கக்கூடியது என்று அப்போதுதான் தெரிந்தது. பழைய சீட்டுகளையும் கையோடு கொண்டுபோனது நல்லதாயிற்று. ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று சொல்லி, மருத்துவரே படிப்படியாகக் குறைத்தார். இப்போது கொஞ்சம் தெளிவு தெரிகிறது. முழுக்கச் சரியாகவில்லை.

கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி ஒன்றும் வாங்கினோம். அப்பா அதை மறுப்பில்லாமல் பயன்படுத்துகிறார். அம்மாவுக்கு ஞாபகமறதி, அதற்காக வாங்கியது என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.